மூத்த மருமகன் வாங்கிய கிம்பல்

சத்தியநேசன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். உயிர் உள்ளவரை இனி சாம்பார் வாளியைத் தொடுவதில்லை.

முடிவு எடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் அவன் குலசேகரம் யேசுரத்தினத்தின் மூத்த மருமகன். அந்தக் குடும்பத்தில் கல்யாணம் என்றால் சமையலுக்கு ஆள் வைப்பார்கள், பந்தலுக்கு ஆள் வைப்பார்கள், விளம்புவதற்கு, அதாவது பரிமாறுவதற்கு, மட்டும் வைக்கமாட்டார்கள். வந்தவர்களுக்கு இலை போட்டு விளம்புவது வீட்டு ஆண்களின் வேலை. அதில் சாம்பார் வாளி மூத்த மருமகனுக்கு. ஏன் சாம்பார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கும் உரிமை மருமகனுக்கு உண்டா என்பதும் தெரியவில்லை.

நாலு வருடம் முன்பு மைத்துனன் கல்யாணத்தில் அவன் அந்த வாளியை எடுத்தான். முதல் பந்தி, முதல் வரிசை. அங்கே உட்கார்ந்திருந்தவர் மாமனாரின் அண்ணன் ஞானதாசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புது வேட்டி. சத்தியநேசன் வாளியிலிருந்து ஒரு கரண்டி கோரி எடுத்தான். கரண்டி இலைக்குப் போகவில்லை, மடிக்குப் போனது. சூடான சாம்பார், கூடவே இரண்டு முருங்கைக்காய்த் துண்டு. ஞானதாசன் விருட்டென்று எழுந்தார். அவர் எழுந்தால் ஜெபம் என்று பழகிப்போன வரிசை முழுவதும் எழுந்து நின்று கண்ணை மூடியது. அவர் சொன்னதோ ஜெபத்தில் வருகிற வார்த்தைகள் அல்ல.

அன்றிலிருந்து குலசேகரத்தில் அவனுக்கு வேறு அடையாளம் இல்லை. "எந்த மருமோன்? சாம்பார் ஊத்துன மருமோனா?" என்றுதான் கேட்பார்கள். இப்போது கொழுந்தியாள் ஷைஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதே மண்டபம், அதே ஞானதாசன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சத்தியநேசன் தன் திட்டத்தை அவிழ்த்தான்.

"ஏட்டி பெமிலா, ஷைஜாக்க கல்யாணத்துக்கு வீடியோ நான் எடுக்கியேன்."

பெமிலா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். நாகர்கோவிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர். சிவப்பு மை பேனா நின்றது.

"நீங்களா?"

"பின்ன? அண்ணன் துபாய்ல இருந்து கொண்டு வந்த கேமரா அலமாரில சும்ம கெடக்கு."

"நம்ம மோளுக்க ஞானஸ்நானத்துக்கு நீங்க எடுத்த வீடியோவ அம்மை இன்னும் முழுசா பாக்கல்ல. பாதியில தல சுத்துகுன்னு போய்ப் படுத்தாவ."

"அது கேமராக்க கனம். கை ஆடத்தான் செய்யும். அதுக்குக் கிம்பல்னு ஒரு சாதனம் இருக்கு. கேமராவ அதுல மாட்டிட்டா நம்ம கை எப்படி ஆடினாலும் படம் ஆடாது. உள்ள மோட்டார் இருக்கு."

"அப்ப வாங்குங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பேனா மறுபடி ஓடியது. பத்து வருடத் தாம்பத்தியத்தில் அவள் இத்தனை சுலபமாக எதற்கும் தலையாட்டியதில்லை. அறிவுள்ளவன் அங்கேயே சுதாரித்திருப்பான். சத்தியநேசன் சந்தோஷப்பட்டான்.

மணமேடைப் பக்கம் கேமராவும் கையுமாக நிற்கிறவனிடம் யாரும் வாளியை நீட்டமாட்டார்கள். இதுதான் அவன் கணக்கு. மாமனார் கூப்பிட்டால், "மாமா, ரெக்கார்டு ஓடுகு" என்று ஒரு வார்த்தை போதும்.

கடைக்குப் போகுமுன் பெமிலா ஒரு வேலை செய்தாள். அண்ணன் துபாய்க்குப் பெட்டி கட்டும்போது எடை பார்க்கிற தூக்குத் தராசை எடுத்துவந்து கேமராப் பையைக் கொக்கியில் மாட்டினாள். பெரிய லென்ஸ், பேட்டரி எல்லாம் சேர்த்துப் பை போக இரண்டு கிலோ முந்நூற்று எண்பது.

"இதவிடக் கொஞ்சம் கூடுதல் தாங்குகது வேணும். ரொம்பக் கூடுதல் வேண்டாம். கிம்பலுக்க கனத்தயும் நீங்கதான் சுமக்கணும்," என்றாள்.

வடசேரிப் பக்கம் கேமராக் கடை வைத்திருக்கிற கபிரியேல் கடற்கரைக்காரர். கடைக்குள் பேசினாலும் அலைச் சத்தத்தைத் தாண்டிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். மூன்று கிம்பல்களை மேசையில் வரிசையாக வைத்தார்.

"சார், இது சின்னது. உங்க கேமராவ இதுல வச்சா மோட்டார் முனகும், படம் நடுங்கும். வேண்டாம். இது நடுவுல உள்ளது. மூணு கிலோ தாங்கும். உங்களுக்குன்னே செஞ்சது மாதிரி இருக்கும். இந்த மூணாவது சினிமாக்காரங்க கொண்டு போறது. அஞ்சு கிலோ தாங்கும். உங்களுக்கு அது அதிகப்படி."

சத்தியநேசன் நடுவில் உள்ளதைத் தூக்கிப் பார்த்தான். சுகமாக இருந்தது. அதுதான் அவனுக்குச் சந்தேகம்.

"இத ஒரு கையில பிடிக்கலாமா?"

"தாராளமா சார். மத்த கை சும்ம இருக்கும். போன் வந்தா எடுக்கலாம், பிள்ளையப் பிடிக்கலாம், என்ன வேணும்னாலும் செய்யலாம்."

என்ன வேண்டுமானாலும் என்பதில் வாளியும் அடக்கம். சத்தியநேசன் அதைக் கீழே வைத்தான்.

"மூணாவது?"

"அதுக்கு ரெண்டு கையும் வேணும் சார். ரெண்டு பக்கமும் பிடி. ஒரு கைய விட்டா கதை முடிஞ்சு."

"ஒரு கையக் கூட எடுக்க முடியாதா?"

"முடியவே முடியாது."

"இதையே பொதிஞ்சு தாங்க."

கபிரியேல் அவனைப் பார்த்தார். பெமிலாவைப் பார்த்தார். கை சும்மா இருக்கக்கூடாது என்று கிம்பல் வாங்குகிற ஆளை அவர் கண்டதில்லை. பெமிலா கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வகுப்பில் காப்பியடிக்கிற பையனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறவள் அவள். அந்த நிமிடத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

"இதப் பிடிச்சுக்கிட்டு நடக்கப் பழகணுமா?" என்று மட்டும் கபிரியேலிடம் கேட்டாள்.

"கண்டிப்பா மேடம். கிம்பல் எல்லா ஆட்டத்தையும் நிறுத்தும். நடக்கும்போது உடம்பு ஏறி எறங்குகத நிறுத்தாது. கால் முட்ட மடக்கி, குதிகால மொதல்ல வச்சு, பையப் பைய நடக்கணும். ரெண்டு வாரம் பழகினா செரியாவும்."

வீட்டுக்கு வந்து மாட்டினான். கேமரா பிரசங்கத்தில் தூங்குகிற ஆளின் தலைபோல முன்னால் தொங்கியது. தூக்கி வைத்தான். பின்னால் சாய்ந்தது. ஒரு மணி நேரம் திருகியதில் மோட்டார் சூடானது, அவனும் சூடானான். பெமிலா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். மோட்டாரை நிறுத்தினாள். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தினாள், பிறகு இடவலமாக. கால் மணி நேரத்தில் கேமரா விட்ட இடத்தில் அப்படியே நின்றது.

"ஈர்ப்பு மையம்," என்றாள். "பதினொண்ணாங் கிளாஸ்ல நீங்களும் படிச்சிருப்பிய."

அவன் கிம்பலைத் தூக்கி நாலு அடி வைத்தான். வாசற்படியில் கால் தட்டியது. பெமிலா பாய்ந்து பிடித்தாள்.

"இஞ்ச பாருங்க, கேமராவ வச்சுப் பழகாண்டாம். விழுந்தா அண்ணனுக்கு யாரு பதில் சொல்லுகது? கேமராவும் கிம்பலும் சேந்து நாலர கிலோ. இதே கனத்துக்கு வேற ஒண்ணத் தூக்கிப் பழகுங்க. நாலர லிட்டர் தண்ணின்னா நாலர கிலோ. ஒரு வாளியில எடுத்தாப் போரும்."

"வாளியா?"

"தண்ணி வாளி. சாம்பாரா தந்தேன்?"

அதில் நியாயம் இருந்தது. மறுநாள் காலையில் பெமிலா முற்றத்தில் ஆந்தூரியத் தொட்டிகளை இரண்டு நேர் வரிசையாக வைத்திருந்தாள், ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு.

"வாளி எடது கையில. ஒங்க எடது கைக்கு பெலம் கொறவு. வலது கையில இந்தக் கரண்டி. ஒவ்வொரு செடிக்கும் ஒரு கரண்டி. வாளி ஆடப்பிடாது, தொட்டிக்கு வெளிய ஒரு துளி விழப்பிடாது."

"கரண்டி எதுக்காக்கும்?"

"ஒரு கை வேல செய்யும்போ உடம்பு அசையாம நிக்கணுமில்லியா? பெருவிரலால கிம்பலுக்க பட்டன அமுக்கும்போ உடம்பு ஆடினா படம் போச்சே. அதுமட்டுமில்ல, ஊத்த ஊத்தக் கனம் கொறயும். மாறுக கனத்துக்கும் கை பழகணும்."

இயற்பியல் டீச்சர் சொன்னால் இயற்பியல்தான். சத்தியநேசன் முட்டு மடக்கி, குதிகாலை முதலில் வைத்து நடந்தான். முதல் நாள் பாதித் தண்ணீர் அவன் காலில். மூன்றாம் நாள் தொட்டி விளிம்பில். ஒரு வாரத்தில் வாளியின் தண்ணீர் தளும்பவில்லை. ஆபீசுக்குப் போகுமுன் இரண்டு சுற்று, வந்தபின் இரண்டு சுற்று. செடிகள் தளதளவென்று நின்றன.

"கொஞ்சம் வேகமா. கல்யாணத்துல யாரும் காத்து நிக்கமாட்டாவ," என்பாள் பெமிலா, உள்ளே கிம்பலும் கையுமாக ஹாலில் நடந்தபடியே.

"நீ என்னத்துக்கு அதத் தூக்கிக்கிட்டு நடக்குக?"

"பேட்டரி நிக்குகான்னு பாக்கியேன்."

பாவம், நமக்காக எவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று சத்தியநேசன் நெகிழ்ந்தான்.

கல்யாணத்தன்று கோயிலில் எல்லாம் அவன் நினைத்தபடியே நடந்தது. ஷைஜா அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே வர, அவன் முட்டு மடக்கிப் பின்னோக்கி நடந்தான். படம் ஆடவில்லை. மாமனார் முகத்தில்கூட ஒரு மரியாதை தெரிந்தது. ஆனால் பாட்டு, வேதபாடம், பிரசங்கம். பிரசங்கி தீமோத்தேயுவில் தொடங்கி ஆதியாகமத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் நாலரைக் கிலோ நாற்பது கிலோ ஆகிவிட்டது. முழுக்க எடுத்தே தீருவேன் என்று அடம்பிடித்து நின்றான். ஆசீர்வாதம் முடிந்து மண்டபத்துக்கு வந்தபோது இரண்டு கையும் மார்புக்கு மேல் ஏறவில்லை.

"தோள் போச்சு பெமிலா. தூக்க முடியல்ல."

"கொஞ்ச நேரம் இஞ்ச தாங்க," என்றாள் பெமிலா. வாங்கினாள். லேசாக முட்டு மடக்கினாள். கேமரா அவள் கையில் அசையாமல் நின்றது. "உங்க மோள ரெண்டு வயசு வர இடுப்புல சுமந்த கையாக்கும் இது."

அந்த நேரம் பார்த்து மாமனார் யேசுரத்தினம் வந்தார். தோளில் ஒன்று, கையில் ஒன்று, இரண்டு துவர்த்துத் துண்டு. கையிலிருந்த துவர்த்தை மருமகன் இடுப்பில் அவரே கட்டினார்.

"மருமோனே, பந்தி இருந்தாச்சு. பருப்பு போயாச்சு. வாங்க."

"மாமா, எனக்குக் கை தூக்க முடியல்ல."

"தூக்கத்தான முடியல்ல?" என்றாள் பெமிலா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல். "தொங்கப் போட்டுப் பிடிக்கலாமில்லியா?"

இதற்கும் இயற்பியலில் மறுப்பு இல்லை. வாளி அவன் இடது கைக்கு வந்தது. அவனை அறியாமலே முட்டு மடங்கியது.

முதல் வரிசை, முதல் இலை. ஞானதாசன் அவனைக் கண்டதும் மடியில் ஒரு துவர்த்தை விரித்தார். காலைப் பின்னுக்கு இழுத்தார். பக்கத்து ஆள் நாற்காலியையே இழுத்தார். சத்தியநேசன் கோரினான். சோற்றுக்கு நடுவில் குழி பார்த்து, ஒரு துளி சிதறாமல் விழுந்தது. அடுத்த இலை. அடுத்தது. மூன்றாவது இலையில்தான் அவனுக்கு உறைத்தது. இலைக்கும் இலைக்கும் உள்ள தூரம் ஆந்தூரியத் தொட்டிக்கும் தொட்டிக்கும் உள்ள தூரம். வரிசைக்குப் பன்னிரண்டு.

நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நிமிராண்டாம். முட்டு மடங்கட்டு," என்றாள் அவள்.

மூன்று பந்தி. ஒருவர் வேட்டியிலும் ஒரு பொட்டு இல்லை. முதல் பந்தியின் பாதியிலேயே ஞானதாசன் மடியிலிருந்த துவர்த்தை எடுத்து மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "மருமோனே, இஞ்ச இன்னும் ஒரு கரண்டி," என்றார். மண்டபம் அதைக் கேட்டது. சத்தியநேசனுக்குக் கோபமாகத்தான் வந்தது. ஆனாலும் அவர் இலைக்குத் திரும்பிப் போய் ஒன்றுக்கு இரண்டு கரண்டி ஊற்றினான்.

திரும்பி வரும் வழியில் காரில் கேட்டான்.

"எல்லாம் ஒனக்க திட்டமா?"

"நீங்க வீடியோன்னு சொன்னப்பவே ஒரு சந்தேகம். ரெண்டு கைக்குள்ளதத் தேடி எடுத்தியளே, திட்டம் அப்ப தொடங்குனது."

"என்ன ஏமாத்திட்டியே பெமிலா."

"நாலு வருசமா எங்க ஆளுக சிரிக்கியத நீங்க மட்டுமா கேட்டிய? எனக்கு எப்படி இருந்திருக்கும்? அந்த மண்டபத்துலயே, அந்தப் பெரியப்பாவுக்க முன்னாலயே அது மாறணும்னு எனக்கு ஆச," என்றாள்.

அவன் கோபம் குலசேகரம் எல்லையைத் தாண்டவில்லை. போகட்டும், கடன் தீர்ந்தது, இனி கேமராவும் நானும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஒரு வாரம் கழித்து ஞானதாசன் போன் செய்தார். பேரனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். ஷைஜா கல்யாண வீடியோவை இரண்டு தரம் பார்த்தாராம், தலை சுற்றவில்லையாம். சத்தியநேசன் போனை ஸ்பீக்கரில் போட்டு பெமிலாவின் பக்கம் நீட்டினான், அவளும் கேட்கட்டும் என்று.

"மக்கா, நான் ஒரு முடிவு எடுத்தாச்சு. எங்க வீட்டுக் கல்யாணத்துல நீ சாம்பார் வாளி எடுக்காண்டாம். இனி எந்தக் கல்யாணத்துலயும் எடுக்காண்டாம். உனக்க மாமன்கிட்டயும் சொல்லியாச்சு."

சத்தியநேசன் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னான். "செரி பெரியப்பா. அப்ப கேமரா?"

"கேமரா பெமிலா எடுக்கட்டு. நீ பாயச வாளிக்கு நில்லு."