வருமான் முந்நூறு

ஒரு காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தாள். அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். ஆனால் அவன் அந்தக் காட்டில் இல்லை. கதை இவ்வளவுதான், மீதியெல்லாம் படிவம்.

புள்ளிமானின் பெயர் இசக்கியம்மாள். புருஷன் பெயர் கோமதிநாயகம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள புல்வெளிக்காரன், வெளிமான் இனம், முறுக்குப் பிழிந்ததுபோல இரண்டு கொம்பு. கோடையில் ஆறு வற்றியபோது இரண்டு பேரும் ஒரே குட்டையில் தண்ணீர் குடிக்க வந்தார்கள். குடித்து முடிப்பதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மான்கள் எதையும் ஓட்டமாகத்தான் செய்யும்.

கல்யாணம் ஆற்று மணலில் நடந்தது. மணல் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை. பந்தி முடிந்து மாப்பிள்ளை இக்கரையில் கால் வைத்ததும் காவலுக்கு நின்ற முள்ளம்பன்றி குறுக்கே விழுந்தது. பகலில் வந்து போகலாம், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும், தங்குவதாக இருந்தால் குடியேற்ற அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்றது.

இசக்கியம்மாள் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பகல் புருஷனை வைத்துக்கொண்டே சில மாதங்களை ஓட்டிவிட்டாள். பிறகு வயிற்றில் குட்டி அசைந்தது. மேற்கே மேகமும் திரண்டது. முதல் வெள்ளம் வந்துவிட்டால் நாலு மாதத்துக்கு ஆற்றை யாரும் கடக்க முடியாது. குட்டி பிறக்கும்போது அதன் தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். ஆசை என்று நான் சொல்கிறேன். உண்மையில் அது பயம். புலி உலாவுகிற காட்டில் பிள்ளை பெறுகிறவளுக்கு அந்தப் பயம் இருக்கத்தானே செய்யும்.

அந்தக் காட்டுச் சிங்கராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். வெளிக்காட்டிலிருந்து துணையை அழைத்துவரும் மிருகம், ஆண்டுக்கு முந்நூறு கூடை நெல்லிக்காய் வருமானம் காட்ட வேண்டும். வருகிறவர் காட்டுக்குப் பாரமாகிவிடக் கூடாதாம். புல் தின்கிற மானுக்கு நெல்லிக்காய்க் கணக்கு எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். சட்டம் எழுதிய அன்று ராஜாவின் பக்கத்தில் ஒரு நெல்லிக்கூடை இருந்தது, அவ்வளவுதான். ராஜாவுக்கு வருமானம் எவ்வளவு என்றும் கேட்காதீர்கள். அவருக்கு இருந்ததெல்லாம் பசி மட்டும்தான்.

இந்தச் சட்டத்துக்கான படிவங்களை அச்சடித்து, மழை படாத இடமென்று ஒரு புற்றுக்குள் அடுக்கிவைத்தார்கள். புற்று யாருடையது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மூன்று வருஷமாகக் கரையான்கள் அந்தப் படிவங்களைப் பொறுமையாகப் படித்துவந்தன. ‘வருமானம் எத்தனை கூடை’ என்ற வரியில் ‘கூடை’ முழுதாகப் போய்விட்டது. ‘வருமானம்’ என்பதில் கடைசி ‘ம’வைத் தின்ற கரையான், அதன் தலையிலிருந்த புள்ளியை மட்டும் மிச்சம் வைத்துவிட்டது. அந்தப் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆகப் படிவத்தில் மிஞ்சியது ‘வருமான் எத்தனை’ என்பதுதான்.

இசக்கியம்மாள் அதை இரண்டு தடவை படித்தாள். வரு மான், அதாவது வரப்போகிற மான். நல்ல தமிழில் தெளிவாகக் கேட்டிருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டாள். ‘ஒன்று’ என்று எழுதினாள். அது போதாதென்று ‘கொம்பு இரண்டு, தங்கமான குணம்’ என்றும் ஓரத்தில் சேர்த்தாள்.

அலுவலகம் ஒரு மருதமரப் பொந்தில் இருந்தது. வரிசையில் நிற்பவர்களை மரங்கொத்தி கூப்பிடும். எத்தனையாவது ஆளோ அத்தனை தட்டு. இசக்கியம்மாள் நாற்பத்தியோராவது. தட்டுகளை எண்ணிக்கொண்டே நின்றதில் அவளுக்கு முன்னால் நின்ற முயல் கணக்கை விட்டுவிட்டு வீட்டுக்கே போய்விட்டது.

பொந்துக்குள் இருந்த அதிகாரி ஓர் உடும்பார். பிடித்தால் விடமாட்டார் என்பதற்காகவே அந்த வேலையில் வைத்திருந்தார்கள். நாக்கு இரண்டாகப் பிளந்திருந்ததால் அவர் பேசும்போது கடைசி எழுத்து பாதி காற்றில் போய்விடும். படிவத்தை வாங்கிப் பார்த்தார்.

“வருமானம் ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான் ஐயா.”

“போதாதும்மா. முந்நூறு வேணும்.”

“முந்நூறா? எனக்கு ஒண்ணே போதுமே.”

“உனக்குப் போதும். சட்டத்துக்குப் போதாது. ஒண்ண வச்சுக்கிட்டு எப்படிம்மா குடும்பம் நடத்துவே?”

“எல்லாரும் ஒண்ண வச்சுத்தானே ஐயா நடத்துதாவ.”

“நல்லா நடத்துனாங்க. எனக்கு அறுநூறு இருக்கு. அதுவே பத்தல.”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வீட்டுல அக்கா ஒண்ணும் சொல்லுததில்லையா?”

“அவளுக்குத் தனியா இருநூறு இருக்கு” என்றார் உடும்பார், கொஞ்சம் பெருமையாகவே.

பெரிய உத்தியோகக் குடும்பங்களில் இப்படியெல்லாம் இருக்கும்போல என்று இசக்கியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா வீட்டிலிருந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். செல்லாது என்றார். அக்கம்பக்கத்தில் இரவல்? அதுவும் செல்லாது. அக்கரையிலிருந்து கொண்டுவந்தால்? உடும்பார் களைத்துப் போயிருந்தார். எங்கிருந்து வந்தால் என்ன, என் கண்ணுக்கு முந்நூறு தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டார். சட்டப்படி அக்கரை வருமானமும் செல்லாது. ஆனால் அது சாப்பாட்டு நேரம்.

வெளியே ஒரு நரி மனு எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தது. உண்மையிலேயே நல்ல நரி, அதனால்தான் வாடிக்கை இல்லை. அழுதுகொண்டே வந்தவளிடமிருந்த படிவத்தை எட்டிப் பார்த்ததும் அதற்கு விஷயம் புரிந்துவிட்டது. “அம்மா, அது மான் இல்ல, மானம்” என்று கூப்பிட்டுச் சொன்னது. இசக்கியம்மாள் சின்ன வயதிலிருந்து நீதிக்கதை கேட்டு வளர்ந்தவள். நரி சொன்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். மானம் என்ற ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. அதுதான் ஏற்கெனவே போய்விட்டதே என்று நடையைக் கட்டினாள்.

ஆற்று மணலில் கோமதிநாயகம் காத்திருந்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“முந்நூறு பேரும் உனக்குப் புருஷனா?” என்று கேட்டான்.

“வரணும்னுதான் அத்தான் போட்டிருக்கு. புருஷனா வரணும்னு போடலை.”

அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் அவனுடைய சொந்தக்காரர்களை அசைப்பது லேசான காரியமா? கல்யாணத்துக்குச் சரியாக அழைக்கவில்லை என்று சித்தப்பாமார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்குப் பந்தியில் புல் பத்தவில்லை என்ற குறை. அனுமதி, படிவம் என்று பேசினால் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள். கோமதிநாயகம் யோசித்துப் பார்த்து, “பெண்வீட்டில் மறுவீட்டு விருந்து, எல்லாரும் குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்” என்று மட்டும் சொன்னான். புல்வெளியே எழுந்து நின்றது. கோபமாக இருந்த சித்தப்பாமார்தான் முதல் வரிசையில் நடந்தார்கள்.

அவர்கள் ஆற்றில் இறங்கிய அன்று காலையிலேயே தூறல் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் கணுக்கால் அளவு. பகல் விருந்தாளிகளைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லாததால் முள்ளம்பன்றி ஒதுங்கி நின்று எண்ணியது. இருபதோடு அதற்கு எண் தீர்ந்துவிட்டது.

உடும்பார் படிவத்தை வாங்கினார். ‘முந்நூறு’ என்று இருந்தது.

“அடடே, தேறிட்டியே. ஆதாரம் எங்க?”

“வெளியே நிக்குது ஐயா.”

உடும்பார் பொந்திலிருந்து தலையை நீட்டினார். மருதமரத்திலிருந்து ஆற்றங்கரைவரை திருகு கொம்புகளும் மொட்டைத் தலைகளும் குட்டிகளுமாக நின்றன. முன்னால் நின்ற சித்தப்பா ஒருவர், சாப்பாடு எப்போது என்று அவரிடமே கேட்டார்.

உடும்பார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு படிவத்தை முதல்தடவையாக முழுதாகப் படித்தார். புள்ளி கண்ணில் பட்டது. அதற்குக் கீழே ‘பிழை இல்லை எனச் சரிபார்த்தேன்’ என்று மூன்று வருஷமாக அவரே கீறிவந்த நகக்குறியும் கண்ணில் பட்டது. ராஜாவிடம் போய் உண்மையைச் சொல்லலாம். அல்லது முத்திரை குத்தலாம். முத்திரை பக்கத்திலேயே இருந்தது.

குத்தினார்.

இசக்கியம்மாள் அழுதேவிட்டாள். கோமதிநாயகம் அவளுடைய காதை நக்கிக்கொடுத்தான். அலுவலகத்தில் அதெல்லாம் கூடாதுதான். உடும்பார் பார்க்காததுபோல இருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் முள்ளம்பன்றி வந்து, மாப்பிள்ளையைத் தவிர மற்றவர்கள் கிளம்பலாம் என்றது. அதற்குள் ஆறு இடுப்பளவு ஏறியிருந்தது. உடும்பார் பிடித்ததை விடுகிறவர் இல்லை. தப்பையும் அப்படித்தான்.

“அவங்க விருந்தாளி இல்ல, ஆதாரம்” என்று படிவத்தின் கடைசி வரியைக் காட்டினார். கரையான் தொடாத ஒரே வரி அது. இணைக்கப்படும் ஆவணங்கள் திருப்பித் தரப்படமாட்டா.

செய்தி சிங்கராஜாவுக்குப் போனது. இந்த ஆண்டு வருமானம் முந்நூறு என்றுதான் உடும்பார் சொல்லி அனுப்பினார். அத்தனையும் மான் என்று கேள்விப்பட்டதும் ராஜாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே வசூலுக்குக் கிளம்பினார். வெளிமானை ஓடிப் பிடித்த சிங்கம் அந்தக் காட்டில் இதுவரை பிறக்கவில்லை. ஒரு மாதம் ஓடி இளைத்துப்போய், ஏட்டில் இருக்கிற வருமானமெல்லாம் கைக்கு வருமா என்று ஒரு மரத்தடியில் படுத்துவிட்டார். நெல்லிக்காய் தின்னப் பழகிவிட்டதாகக் கேள்வி.

குட்டி பெருமழையில் பிறந்தது. முதுகில் புள்ளி, தலையில் முறுக்குக்கு இடம். தகப்பன் பக்கத்தில் நின்றான். அவனுக்குப் பின்னால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆவணங்கள் வட்டமாகக் காவல் நின்றன. புலி தூரத்தில் வந்து பார்த்துவிட்டு, கூட்டம் அதிகம் என்று திரும்பிப் போனது. இசக்கியம்மாளுக்கு அன்று பயமே இல்லை. ஒரே ஒரு வருத்தம்தான். வெள்ளம் வடிய இன்னும் நாலு மாதம் இருந்தது, சித்தப்பாமார் மறுவீட்டு விருந்து இன்னும் முடியவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நீதி: தனியாக வருகிறவன் காட்டுக்குப் பாரம், முந்நூறு பேராக வந்தால் ஆவணம்.