கைப்பிடி இல்லாத ஊரில் சேஃப்டி அண்ணாச்சி

குக்கரைத் திறப்பதற்கு ஹெல்மெட் போட்டுக்கொள்ளும் மனிதரை என் வாழ்க்கையில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் இருந்தால் உலகம் தாங்காது.

ஷார்ஜா ரோலாவில் நாங்கள் இருந்த பழைய கட்டடத்தில் எங்கள் எதிர் ஃபிளாட்காரர் அவர். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். தூத்துக்குடிப் பக்கம். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் கட்டடத்தின் காவலாளியான நாதூரிலிருந்து கீழே டீ விற்கிற மலையாளி வரைக்கும் அவர் வெறும் ‘சேஃப்டி’. எங்களுக்கு சேஃப்டி அண்ணாச்சி. அவர் மனைவி எங்களுக்கு மைனி. ஒருநாள் மைனியே வாய் தவறி, “சேஃப்டி, சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

வராந்தாவில் யார் வீட்டு வாசலிலும் செருப்பு கிடக்கக்கூடாது. கிடந்தால் காலிங் பெல் அடிப்பார். “தீப்பிடிச்சா ஓடுத பாதைவே இது. ஒங்க செருப்பு தடுக்கி நான் விழுந்தா என் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்லுவா?” இரண்டாவது மாடியில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரும் பரிசோடு போனோம். அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரோடு வந்தார். மெழுகுவர்த்தி கொஞ்சம் சாய்ந்தது. பக்கத்தில் திரைச்சீலை. அவ்வளவுதான். கேக்கும் குழந்தையும் குழந்தையின் தாத்தாவும் சேர்ந்து நனைந்தார்கள். “கேக்கு போனா இன்னொரு கேக்கு வாங்கலாம். பில்டிங் போனா வாங்க முடியுமாவே?” என்று ஈரக் காலோடு நின்று கேட்டார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் எங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டு நானும் என் மனைவி மலரும் இத்தாலிக்குப் போனோம். ஏன் என்று சொல்ல வேண்டும்.

மூத்தவன் கவின், ஏழாம் வகுப்பு. இளையவள் நிலா, எட்டு வயது. நிலா பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். ரோடு, கார், கடல் எதுவும் அவளுக்குக் கணக்கில்லை. எங்கள் வீட்டுக் கதவில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று தாழ்ப்பாள்கள். அவள் பிறந்தபிறகு நானும் மலரும் சேர்ந்து கீழே கடைக்குப் போய்ப் பால் வாங்கியதுகூடக் கிடையாது. ஒருவர் தூங்கினால் ஒருவர் காவல். ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரும்; கூடவே போனும் வரும். “சின்னவள யாருகிட்டயாவது விட்டுட்டு வந்தா நல்லாருக்கும்” என்பார்கள். அந்த யாராவது யார் என்று ஒருவரும் சொன்னதில்லை.

நான் வேலை பார்ப்பது மார்பிள் கம்பெனியில். வெரோனாவில் நடக்கும் கல் கண்காட்சிக்கு என்னை அனுப்பினார்கள். “மனைவியையும் கூட்டிட்டுப் போ” என்றார் முதலாளி. வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பு இல்லை.

இது எப்படியோ எதிர் ஃபிளாட்டுக்குத் தெரிந்துவிட்டது. அண்ணாச்சி வந்து நின்றார்.

“நூத்துக்கணக்குல ஆளுகள சாரத்துல ஏத்தி, சாயங்காலம் ஒரு கீறல் இல்லாம எறக்குதேன். ஒரு சின்னப் பிள்ளையப் பாத்துக்க மாட்டனா? போயிட்டு வாங்க.”

“அண்ணாச்சி, அவ சொன்னா நிக்கிற ஆளு இல்ல” என்றாள் மலர்.

“எந்த லேபர்மா சொன்னா நிக்கான்?”

மைனி அவரை விலக்கிவிட்டு உள்ளே வந்தாள். “போயிட்டு வா மலரு. எம் பயலுவ ரெண்டும் ஊர்ல காலேஜ் போயிட்டானுவ. இந்த மனுசனக் கட்டி மேய்க்கேன். நெலாவ மேய்க்க மாட்டனா?”

மலர் ஒரு வாரம் யோசித்தாள். ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்றாள். கடைசியில் பெட்டியை எடுத்தாள்.

கண்காட்சி முடிந்து ஒருநாள் மிச்சம் இருந்தது. வெனிஸைப் பார்த்துவிட்டு மறுநாள் விமானம் ஏறுவதாகத் திட்டம். ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் படிக்கட்டு. படிக்கட்டு முடிந்தால் தண்ணீர். அரண்மனை மாதிரி வீடுகள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. மலர் வாயைத் திறந்து ‘அய்யோ’ என்று சொல்லும்போதே போன் அடித்தது. வீடியோ கால்.

திரையில் அண்ணாச்சி. தலையில் ஹெல்மெட், கழுத்தில் விசில். பின்னால் நிலா, சைட்டில் லேபர்கள் போடும் ஆரஞ்சுக் கலர் மினுமினுப்புச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து ஒரு மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். சட்டை அவள் முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

“எங்கன இருந்தாலும் கண்ணுல படணும்லா?” என்றார்.

கவின் குறுக்கே வந்தான். “டாடி, ஹி கிவ்ஸ் அஸ் எ சேஃப்டி டாக் எவ்ரி மார்னிங். பிஃபோர் பிரஷ்ஷிங்!”

“ஏலே, தள்ளு. தம்பி, ஊரக் காட்டு பாப்பம்.”

போனைத் திருப்பிக் கால்வாயைக் காட்டினேன். உடனே ஒரு அலறல்.

“பின்னால போ! தம்பி, ரெண்டடி பின்னால போ! மலரப் பிடிச்சு இழு! கைப்பிடி எங்கவே?”

“கைப்பிடி கிடையாது அண்ணாச்சி. ஊரே இப்படித்தான். நூத்துக்கணக்கான வருஷமா இருக்கு.”

“இத்தன வருஷமா ஒருத்தன்கூட ‘வேலைய நிறுத்து’ன்னு சொல்லலியா? எவன் இதுக்குப் பெர்மிட் குடுத்தான்?”

அன்று காலை நாங்கள் பார்த்த வெனிஸ், அண்ணாச்சி பார்க்கச் சொன்ன வெனிஸ். பாலம் ஏறினால் போன். “படி வழுக்குதா? ஓரமாப் புடிச்சு ஏறு.” படகுத் துறைக்குப் போனால் போன். கோடு போட்ட பனியன் போட்ட படகோட்டி, நீளமான கறுப்புப் படகின் பின்நுனியில் ஒயிலாக நின்று துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சிக்கு மூச்சே நின்றுவிட்டது. “நின்னுக்கிட்டு ஓட்டுதான்! லைஃப் ஜாக்கெட் எங்க? போன அவன்கிட்டக் காட்டு!” காட்டினேன். “பாய்! ஜாக்கெட் கிதர் ஹை?” என்று ஷார்ஜாவிலிருந்து கத்தினார். படகோட்டி திரையைப் பார்த்துப் பறக்கும் முத்தம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனான். “தம்பி, அந்தப் படகுல ஏறாதீக. அவன் ஆளு சரியில்ல” என்றார் அண்ணாச்சி.

ஏறவில்லை. அதற்குக் காரணம் அண்ணாச்சி மட்டும் இல்லை. எங்களுக்கு எதிலும் ஏறத் தோன்றவில்லை.

சான் மார்க்கோ சதுக்கத்தில் உலகமே படம் எடுத்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஒரு ஓரமாக நின்றோம். எங்களுக்கு நடக்கவே தெரியவில்லை. இத்தனை வருடம் ஒரு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்து பழகிய மலரின் வலது கை, அப்போதைக்கப்போது காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. அவளுக்கே அது தெரியவில்லை. அந்தக் கையை நான் பிடித்திருக்கலாம். நாங்கள் அப்படிக் கைகோத்து நடந்து எவ்வளவு காலம் ஆயிற்று! எப்படிக் கேட்பது என்று கூச்சமாக இருந்தது.

ஒரு சந்தில் பீட்சாத் துண்டு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தோம். மலர் ஒரு கடி கடிப்பதற்குள் வாத்து அளவுக்கு ஒரு கடற்பறவை வந்து மொத்தத்தையும் பிடுங்கிக்கொண்டு போனது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்போம். மலர் வெறுங்கையைப் பார்த்தபடி சொன்னாள்.

“ஒண்ணு சொல்லட்டா? எனக்குத் திரும்பிப் போக வேண்டாம்னு இருக்கு.”

“எனக்கும்” என்றேன்.

சொன்னபிறகு இருவருக்கும் பயமாகிவிட்டது.

“அவ மேல பாசம் இல்லாம இல்லீங்க” என்றாள். “அலுத்துப் போச்சு. எனக்கு இப்ப ஒரு நாள் லீவு கெடச்சிருக்கு. நாளைக்கு மறுபடியும் அந்தக் கதவு, அந்தத் தாழ்ப்பாள். சரி, நாம இருக்கிறவரைக்கும் பாத்துக்குவோம். அதுக்கப்புறம்? கவின் தலையில கட்டுறதா? யாரு பாப்பா அவள?”

எங்களைப் போன்றவர்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஒரு ஆள் மாதிரியே குடியிருக்கும். வாய்விட்டு யாரும் பேசமாட்டோம். அதைப் பேச இத்தாலி வரைக்கும் வர வேண்டியிருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. போன் அடிக்கவில்லை.

நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மைனிக்குப் போட்டேன். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அண்ணாச்சி, மறுபடி மைனி. தும்மினால்கூடத் தகவல் சொல்லும் மனிதர் போனை எடுக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மலர் எழுந்து ஓட ஆரம்பித்தாள். எங்கே ஓடுகிறாள் என்று அவளுக்கும் தெரியாது. அந்த ஊரில் ஓடவும் முடியாது. எந்தச் சந்தில் திரும்பினாலும் கடைசியில் தண்ணீர். “நான் வாயால சொன்னேன்ல, போக வேண்டாம்னு சொன்னேன்ல” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். முகமூடி விற்கும் ஒரு கடை வாசலில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைக்காரர் பங்களாதேஷ்காரர். “க்யா ஹுவா பாய்?” என்று கேட்டு, ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்தார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த முகமூடிகள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போது போன் அடித்தது.

திரையில் ஒரு வழுக்கைத் தலை. அண்ணாச்சியை ஹெல்மெட்டோ தொப்பியோ இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரோ என்று நினைத்துவிட்டேன். முகமெல்லாம் வேர்வை, கண்ணெல்லாம் சிவப்பு.

“தம்பி... பிள்ள இருக்கா. நல்லாருக்கா. மொதல்ல அதக் கேட்டுக்கோ. மைனி மடியில இருக்கா.” அதற்குமேல் அழுதுவிட்டார்.

நடந்தது இதுதான். தீப்பிடித்தால் எப்படி வெளியே ஓடுவது என்று பிள்ளைகளுக்கு ஒத்திகை வைத்திருக்கிறார். கதவை எல்லாம் திறந்துவைத்துவிட்டு விசில் அடித்திருக்கிறார். நிலா காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டாள். மாடிப்படியில் ஆரஞ்சுச் சட்டை மட்டும் கழன்று கிடந்திருக்கிறது. போன்களை வீட்டிலேயே போட்டுவிட்டு அண்ணாச்சி ஒரு தெரு, மைனி ஒரு தெரு, கவின் ஒரு தெரு என்று ஓடியிருக்கிறார்கள். ரோலாவில், அந்த டிராஃபிக்கில். கடைசியில் பின் தெரு லாண்டரிக் கடையில் இருந்திருக்கிறாள். சுற்றுகிற மெஷின் முன்னால் உட்கார்ந்து, அதையே பார்த்துக்கொண்டு.

“சத்தம் ஆகாதுன்னு நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீக. மெதுவா ஊதுனா ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். என் சைட்டுல ஒருத்தன் கீழ விழுந்ததில்ல தம்பி. ஒரு பிள்ளையப் பாக்கத் தெரியல. நான்லாம் என்ன சேஃப்டி?”

மலர் போனை என்னிடமிருந்து பிடுங்கினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, அழாதீங்க. கெடச்சுட்டால்ல? இது எங்களுக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ நடக்கும்.”

அந்தப் பக்கம் அழுகை நின்றது. அண்ணாச்சி திரைக்குள் முகத்தைக் கொண்டுவந்து எங்கள் இருவரையும் உற்றுப் பார்த்தார்.

“மாசத்துக்கு ரெண்டு தடவையா?”

“ஆமா.”

“பின்ன எப்படிம்மா நீங்க ரெண்டு பேரும் உயிரோட இருக்கீக?”

டாக்டர்கள், டீச்சர்கள், சொந்தக்காரர்கள் எல்லோரும் எங்களிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். என்ன சாப்பிடுகிறாள், எப்போது பேசுவாள், எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டீர்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. மலர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், ஸ்டூலில் குனிந்து அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு யாரையும் கேட்கத் தேவைப்படவில்லை.

“இப்பவே ஓடி வந்துராதீக” என்றார் அண்ணாச்சி, மூக்கைத் துடைத்தபடி. “அந்த ஊரப் பாத்துட்டு வாங்க. நான் கதவுலயே சாஞ்சு உக்காந்துக்கிடுதேன். அவ போணும்னா என்னத் தாண்டித்தான் போணும்.”

ஊரைப் பார்த்தோமா என்றால், இல்லை. அந்த ஊரில் பஸ் மாதிரி ஓடுகிற படகில் ஏறி, எதையும் கவனிக்காமல் கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பினோம். அவ்வளவுதான் எங்கள் வெனிஸ். ஆனால் மலர் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். காவல் இல்லாத தூக்கம்.

மறுநாள் ரோலா வந்து அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தள்ளினால் திறக்கவில்லை. உள்ளே கதவோடு கதவாக முதுகைக் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மைனி தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. “குளிக்கப் போனாலும் என்னய அந்த எடத்துல உக்கார வச்சுட்டுத்தான் போறாவ” என்றாள். நிலா எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, மூடியைச் சுழற்றப் போய்விட்டாள். எங்கள் வீட்டுக்குப் போய் மூன்று தாழ்ப்பாளையும் போட்டோம். எதுவும் மாறவில்லை. மலர் கேட்ட கேள்விக்கு இன்றுவரைக்கும் என்னிடம் பதில் இல்லை.

போன வருடம் அண்ணாச்சிக்கு கம்பெனியில் ‘கலாஸ்’, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். மைனியோடு ஊருக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறார். நலமா என்று என்னைக் கேட்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அண்ணாச்சி அதைக் கேட்பதில்லை. எடுத்ததும், “பிள்ள இப்ப எங்க இருக்கா?” என்பார். “இதோ, என் பக்கத்துலதான் அண்ணாச்சி” என்று சொல்லும்போது, அவர் விடுகிற மூச்சு ஷார்ஜா வரைக்கும் கேட்கும்.