கிளாக்கர் ஐயாவின் புலனடக்கம்

புளத்கொகுபிட்டிய டவுனுக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிரதாப் பெரிய கிளாக்கர். காலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்களத்துக்கு அவன் வந்து நின்றால் கங்காணிமார் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். ஒரு மலையில் கொழுந்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்த மலைக்கு ஆள் ஏற்றுவது அவனுக்கு அறவே ஆகாது. எடுத்ததை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள் என்று தினமும் இரண்டு தடவையாவது சத்தம் போடுவான்.

வீட்டில் அவனிடம் முப்பத்துநாலு வீடியோ கேம் இருந்தது. முடித்தது இரண்டு.

மிச்ச முப்பத்திரண்டின் நிலைமை பரிதாபம். ஒன்றில் இளவரசி நாலு வருசமாகக் கோபுரத்தில் காத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் போர்வீரன் படுக்கையை விட்டே எழும்பவில்லை. மற்றொன்றில் பந்தயக் கார் புறப்பட்ட இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பிரதாப்புக்கு விளையாடுவதை விட வாங்குவதில்தான் ருசி. டவுனில் புவாட் நானாவின் கடையில் டிஸ்க்கைக் கையில் வாங்கி, மூடியை 'டிக்' என்று திறக்கும்போது ஒரு சந்தோசம் வரும். அந்தச் சந்தோசம் தோட்டத்துக்கு ஏறும் பஸ் இரண்டாவது வளைவைத் தாண்டும்வரை இருக்கும். அதற்குப் பிறகு அடுத்த டிஸ்க் ஞாபகம் வந்துவிடும்.

அவன் மனைவி ராகினி தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தன் புத்தகங்களுக்கென்று அவள் ஆசையாகச் செய்வித்த கண்ணாடி அலுமாரியில் முதலில் ஒரு டிஸ்க்குக்கு இடம் கொடுத்தாள். இப்போது புத்தகங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் பிரதாப் சமாளித்திருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுமாரியைத் துடைத்துக்கொண்டே, சோறு போதுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"ஏங்க, இந்த சீடில எத்தனைய முடிச்சிருக்கீங்க?"

"சீடி இல்ல ராகினி, டிஸ்க்" என்று திருத்தினான் பிரதாப். எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு அது சீடிதான். திருத்திய பிறகும் கேள்வி அங்கேயே நின்றது. இரண்டு என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சத்தியம் வந்தது. இருப்பதையெல்லாம் முடிக்காமல் இனி ஒரு டிஸ்க் கூட வாங்குவதில்லை. வாங்கினால் தன் பெயர் பிரதாப் இல்லை.

ராகினி தான் அப்படி எதுவும் கேட்கவில்லையே என்றாள். கேட்காமலே கொடுப்பதுதான் ஆம்பிளைக்கு அழகு என்றான் பிரதாப். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த தட்டைத் துடைக்கப் போனாள்.

சத்தியத்தை வீட்டோடு வைத்திருந்தால் பிழைத்திருப்பான். மறுநாளே ஆபிஸில் சொன்னான். கோயில் கமிட்டியில் சொன்னான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், அவர்கள் கேட்காமலே, தமிழில் ஒரு தடவையும் சிங்களத்தில் ஒரு தடவையும் சொன்னான். ஒரு வாரத்தில் தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது. போனைக் கீழே வைக்காத பிள்ளைகளை அடக்க, கிளாக்கர் ஐயாவைப் பார், படிச்ச மனுசன் எப்படி விட்டுட்டார் என்று தொழிலாளர் குடியிருப்பில் லயத்துக்கு லயம் தாய்மார் சொல்ல ஆரம்பித்தார்கள்.

விட்டது வாங்குவதை மட்டும்தான். முடிக்கிற வேலை மிச்சம் இருந்தது. அலுமாரியின் ஓரத்திலிருந்து முதல் டிஸ்க்கை எடுத்து கேம் மெஷினில் போட்டான். அது விவசாய விளையாட்டு. நிலத்தைக் கொத்த வேண்டும், உரம் போட வேண்டும், பூச்சி பிடித்தால் மருந்தடிக்க வேண்டும், விளைந்ததைப் பறித்து நிறுக்க வேண்டும். பகல் முழுக்கத் தோட்டத்தில் செய்வித்த வேலையைச் சாயந்திரம் திரையில் அவனே செய்தான். இங்கே கங்காணியும் இல்லை, ஏசுவதற்கு ஆளும் இல்லை. போதாக்குறைக்கு, மழை ஓயாத ஊர் என்பதால் ராகினி ஈரத் துணியை ஹோலில்தான் கொடி கட்டிக் காயப்போடுவாள். அவன் திரையில் பயிர் நட்டுக்கொண்டிருக்கும்போது குறுக்கே தொங்கும் துவாயிலிருந்து நிசமாகவே தண்ணீர் சொட்டும். மூன்றாவது வாரம் அவன் அந்த விளையாட்டைத் தொடுவதையும் விட்டுவிட்டான். அலுமாரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டான்.

அடுத்த மாதம் ஒரு நாள் வீட்டில் வாஷிங் மெஷின் வந்து நின்றது. செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் துணியைப் பிழிந்து முக்கால் காய்ச்சலில் கொடுத்தது. ஏது என்று பிரதாப் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். பள்ளிக்கூடத்து யும்னா டீச்சரோடு சேர்ந்து சீட்டுப் போட்டதில் வந்தது என்று ராகினி சொன்னதாக அவன் காதில் விழுந்தது. சிக்கனமான பெண்டாட்டி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டான். யும்னா டீச்சர் புவாட் நானாவின் மனைவி என்பது அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றவேயில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் கிளாக்கர் ஐயா பேச வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: 'கையடக்கத் தொலைபேசியும் புலனடக்கமும்'. பிரதாப் நாலு நாள் உட்கார்ந்து எழுதினான். ஆசை என்பது குரங்கு மாதிரி, ஒரு பழத்தைக் கொடுத்தால் கூரை ஏறி வந்துவிடும் என்ற இடத்தை எழுதியபோது அவனுக்கே கண் கலங்கியது.

கூட்டம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பேச்சை டைப் பண்ணி எடுக்க டவுனுக்கு இறங்கினான். வழக்கமாகப் போகும் கடையில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. பஸ் ஸ்டாண்டில் பிரிண்டர் உள்ள இன்னொரு கடை புவாட் நானாவுடையது. சத்தியம் செய்த நாளிலிருந்து அந்தக் கடையைத் தாண்டும்போது பிரதாப் எதிர்ப்பக்கத்து மருந்துக்கடையைப் பார்த்துக்கொண்டேதான் நடப்பான். இன்றைக்குப் போவது புலனடக்கத்துக்காக, அதனால் பரவாயில்லை என்று படியேறினான்.

புவாட் நானா பேச்சு முழுவதையும் டைப் பண்ணி முடிக்கும்வரை வேறு எதையும் எடுக்கவில்லை. எலகிரியான பேச்சு, என் மகனுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று பாராட்டினார். தாள்களை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டு, லாச்சியிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். படமும் இல்லை, பெயரும் இல்லை. உள்ளே ஒரு டிஸ்க்.

"சேர், வாங்குங்கன்னு நான் சொல்லமாட்டேன். சேர் விட்டுட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். சும்மா பாருங்க."

'ஸ்டோம் கிங்டம்' என்று டிஸ்க்கில் எழுதியிருந்தது. பிரதாப் சும்மா பார்த்தான். பிறகு கையில் எடுத்துச் சும்மா பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் மூளை வக்கீலாகிவிட்டது. ஆசையைப் பற்றிப் பேசப்போகிறவன் ஆசையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எப்படிப் பேசுவது? இது ஆராய்ச்சி. திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிட்டால் இது வாங்கியதாகவும் ஆகாது, இரவல். புவாட் நானாவிடம் நீட்டுகிற காசு விலை இல்லை, இரவலுக்குப் பிணை. மூடியை மூடினான். 'டிக்' என்றது. பஸ் மூன்றாவது வளைவைத் தாண்டியும் சந்தோசம் குறையவில்லை. பேச்சும் டிஸ்க்கும் ஒரே உறைக்குள் உட்கார்ந்து தோட்டத்துக்கு ஏறின.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. ராகினிக்குப் பள்ளிக்கூடத்தில் மேலதிக வகுப்பு, ஐந்தரைக்குத்தான் வருவாள். சட்டையைக் கூட மாற்றாமல் டிஸ்க்கை கேம் மெஷினில் போட்டான். திரையில் புயல் அடித்தது, கோட்டை வந்தது, குதிரை கனைத்தது. பிறகு, மீண்டும் வருக பிரதாப் என்று எழுத்து வந்தது.

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. மறுபடி திரையைப் பார்த்தான். போன தடவை நீங்கள் பதினொரு நிமிடம் விளையாடினீர்கள், நூற்றுக்கு ஒரு வீதம் முடித்திருக்கிறீர்கள், தொடரலாமா என்று மெஷின் மரியாதையாகக் கேட்டது. போன தடவை என்பது மூன்று வருசத்துக்கு முந்திய திகதி.

பிரதாப் மெதுவாக எழுந்து அலுமாரியைத் திறந்தான். இரண்டாவது தட்டில், நடுவில், 'ஸ்டோம் கிங்டம்' என்று பொன்னெழுத்தில் ஒரு பெட்டி இருந்தது. திறந்தான். உள்ளே காற்று. பக்கத்துப் பெட்டியைத் திறந்தான். அதிலும் காற்று. வரிசையாகத் திறந்துகொண்டே போனான். முப்பத்துநாலு பெட்டியில் இருபத்தாறு வெறும் பெட்டி. வாஷிங் மெஷின் வந்த நாள் ராகினி சொன்னது சீட்டா, சீடியா என்ற சந்தேகம் அப்போதுதான் அவனுக்கு வந்தது. தன் சொந்த டிஸ்க்கைத் தானே காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறோம் என்பது அதற்கடுத்து உறைத்தது.

கோபம் தலைக்கேறியது. என்னைக் கேட்காமல் என் பொருளை எப்படி விற்கலாம் என்று நடுஹோலில் நின்று ஒத்திகை பார்த்தான். அழகாகத்தான் வந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்கும் இடத்தில் ஒத்திகை நின்றுவிட்டது. புவாட் நானா கடை, செவ்வாய்க்கிழமை, வெள்ளைப் பெட்டி என்று ஒன்றைத் தொட்டால் எல்லாம் வெளியே வரும். சனிக்கிழமை கூட்டம் வேறு இருக்கிறது.

கொஞ்ச நேரம் யோசித்ததில் நல்ல வழி கிடைத்தது. கூட்டம் முடியட்டும். அதற்குப் பிறகு அவள் முன்னாலேயே, அடுத்த விளையாட்டை முடிக்கப் போகிறவன் மாதிரி, அலுமாரியைத் திறந்து அப்போதுதான் கண்டுபிடித்தவன் போல் திகைத்து நிற்பது. சத்தியத்தைக் காப்பாற்றப் போனவனுக்குத் துரோகம் நடந்ததாக ஆகிவிடும். வாங்கி வந்த டிஸ்க்கை கேம் மெஷினுக்குள்ளேயே விட்டான். அந்த வீட்டில் ராகினி கைவைக்காத ஒரே இடம் அதுதான் என்பது அவன் கணிப்பு. வெள்ளைப் பெட்டியை ஆபிஸுக்குக் கொண்டுபோய் மறைத்தான்.

சனிக்கிழமை பேச்சு பிரமாதம். குரங்கு கூரை ஏறிய இடத்தில் தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முன் வரிசையில் புவாட் நானா உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். பிரதாப் அந்தப் பக்கம் பார்க்காமலே பேசி முடித்தான். யும்னா டீச்சர் வந்து பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் ஒருத்தி மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். அது ராகினி.

பொன்னாடையைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தான். இவ்வளவு பேர் கொண்டாடியவனை ஒரு டீச்சர் என்ன செய்துவிட முடியும் என்ற தைரியம் அவனுக்கு. ராகினி பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வரும்போது, சரி, அடுத்ததை முடிக்கலாம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு அலுமாரியைத் திறந்தான். ஒரு பெட்டியை எடுத்தான். திறந்தான். திகைத்தான். திகைப்பு நன்றாகவே வந்தது, நாலு நாள் பழகியதல்லவா.

ராகினி மறைக்கவில்லை. விளையாடாமல் கிடந்தவற்றை எடுத்துக் கொடுத்தேன், அதில்தான் வாஷிங் மெஷின் வந்தது, அன்றைக்கே உங்களிடம் சொன்னேன் என்றாள். பிரதாப் பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு நீண்ட நியாயம் பேசினான். ஒரு மனுசன் சத்தியம் செய்து, ஒவ்வொன்றாக முடிக்கலாம் என்று உயிரைக் கொடுத்து உழைக்கும்போது அவன் காலை வாரலாமா என்று கேட்டான். 

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராகினி அலுமாரிக் கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"நான் செஞ்சது தப்புதாங்க. நீங்க ஆசையா வச்சிருந்தத எடுத்திருக்கக் கூடாது. எது வேணும்னு பேரச் சொல்லுங்க, நானே போய் எடுத்துட்டு வந்து குடுக்கிறேன். அலுமாரியப் பாக்காம சொல்லணும்."

பிரதாப் வாயைத் திறந்தான். இருபத்தாறு டிஸ்க். ஒன்றின் பெயரும் வரவில்லை. இளவரசி ஞாபகம் வந்தாள், அவள் ஊர் ஞாபகம் வரவில்லை. கார் ஞாபகம் வந்தது, கம்பனி ஞாபகம் வரவில்லை. பிளேன்டீ ஆறிப்போனது. ராகினி பொறுமையாக நின்றாள். கடைசியில், மழைக்கு நடுவே பஸ் லைட் தெரிகிற மாதிரி, ஒரே ஒரு பெயர் அவனுக்குத் தெளிவாக வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஸ்டோம் கிங்டம்."

"அது உங்க மெஷினுக்குள்ளதாங்க இருக்கு" என்றாள் ராகினி. "எடுத்துத் தரவா?"