திருஷ்டிக் கட்டம்

திருப்பதி அடிவாரம் அலிபிரியில் மலையேற ஒரு வரிசை நின்றது. எதிர் மாடியில் 'டேட்டா ஜோசியர்' நாகபூஷணத்தைப் பார்க்க இன்னொரு வரிசை. இரண்டாவதுதான் நீளம்.

நாகபூஷணத்திடம் கிளி இல்லை, லேப்டாப் இருந்தது. நம் வெப்சைட்டுக்கு யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று காட்டும் டேஷ்போர்டில், நாமே பெயர் வைத்து ஒரு கட்டம் சேர்க்கலாம். கஸ்டம் ஃபீல்டு என்பார்கள். புடவை விற்பவர்களில் விவரமானவர்கள் அதற்குப் 'புடவை நிறம்' என்று பெயர் வைப்பார்கள். இவர் 'திருஷ்டி' என்று வைத்தார். கம்ப்யூட்டரே சொன்ன பிறகு மறுத்துப் பேச நாம் யார்?

நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் தணிகாசலம், மகள் துர்காவோடு வந்து உட்கார்ந்தார். அவர்கள் புடவை விற்கும் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவள் துர்கா. படங்களில் புடவை கட்டி நிற்பவளும் அவளே.

ஜோசியர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "சூடண்டி, பாருங்க! குடிபாலாவுலருந்து ஒரு போன் உங்க சைட்டுக்கு வந்துக்கீது. திருஷ்டி தொண்ணூத்தாறு! அந்த ஊர் சம்பந்தமே ஆவாது."

தணிகாசலம் வெளிறிப்போனார். துர்காவுக்கு நிச்சயமான தமிழ்வேந்தன் குடிபாலாக்காரன்.

"துர்கா, மாப்ள வூட்டுக்குப் போன் போடு. கல்யாணத்த நிறுத்திடலாம்."

"இரு நைனா. சார், அந்த நம்பர யாரு போட்றது?"

"மேல இருக்கறவன்மா." ஜோசியர் கூரையைக் காட்டினார். ஒட்டடை இருந்தது.

"நைனா, நீ நம்ம சைட்ட உன் போன்ல தொறந்ததே இல்ல. இப்ப தொற."

லேப்டாப் திரையில் புது வரி முளைத்தது. நகரி, திருஷ்டி எட்டு.

"மூடிட்டு மறுபடி தொற."

பதினாறு. இன்னொரு தரம். இருபத்து நாலு.

"அடப்பாவி, என் கடைக்கு நானே கண்ணு வெக்கிறனா?"

"எத்தினி தரம் வந்தாங்களோ அத எட்டால பெருக்கிக்கினு கீறாரு, நைனா. அவ்ளோதான் திருஷ்டி."

வரிசையிலிருந்து சித்தூர் மாங்கூழ் வியாபாரி மோகன்ராஜ் எட்டிப் பார்த்தார். "அப்ப, இவரு பேச்சக் கேட்டு நான் பிளாக் பண்ணவங்கல்லாம்?"

"உங்ககிட்டயே திரும்பத் திரும்ப வாங்க வந்தவங்கண்ணா."

மோகன்ராஜ் சட்டைக் கையை மடித்தார். சர்வர் டவுன் என்று லேப்டாப்பை மூடிய ஜோசியர், பின்படியைத் தேடினார்.

தணிகாசலம் விரல்விட்டு எண்ணினார். தொண்ணூற்றாறு என்றால் பன்னிரண்டு தரம். நிச்சயமாகிப் பன்னிரண்டு நாள். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, தினம் எங்க பொடவைய பாத்துக்கினு கீறீங்களாமே?"

"பொடவைய யாரு மாமா பாத்தா?"

துர்கா திரும்பி நின்று சிரித்தாள்.

கட்டத்துக்கு எவனும் பெயர் வைக்கலாம், எண்ணும் போடலாம். போட்டவன் யார் என்று கேட்கத்தான் கழுத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. அதை மொட்டையடிக்க மட்டும் வைத்திருக்காதீர்கள்.