சிவப்புப் பொட்டு வைத்த மவுஸ்

டிக் விழுந்தது. உடனே காணாமல் போனது.

"சனியன்!" என்று பல்லைக் கடித்தார் இசக்கிமுத்து. மறுபடி அழுத்தினார். டிக் வந்தது, போனது. ஒரு தடவை அழுத்தினால் அந்த மவுஸ் இரண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொண்டது.

குவார்ட்டர்ஸ் மாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. இப்போதே நாலே கால். படிவத்தின் உறுதிமொழிக் கட்டத்தில் டிக் நிற்காவிட்டால் விண்ணப்பம் போகாது. போகாவிட்டால் இன்னும் மூன்று வருஷம் பக்கத்து வீட்டு வேணுவோடுதான் குப்பை கொட்ட வேண்டும்.

வேணு தங்கமான மனுஷன்தான். ஆனால் ஏணி, குடை, இட்லிப் பானை என்று எது வேண்டுமானாலும் இங்கேதான் வருவார். போனது திரும்பாது, திரும்பினால் உருப்படியாக இருக்காது. இசக்கிமுத்துவின் மனைவி சுப்புலட்சுமி, கொடுக்கிற சாமானின் அடியிலெல்லாம் அடையாளத்துக்கு நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைப்பாள். பொட்டு வைத்து என்ன பிரயோஜனம்?

"பதினெட்டாவது பிளாக்குக்குப் போறதை யார்ட்டயும் சொல்லலைல்லா, ஏட்டி?"

"நான் ஏங்க சொல்லப் போறேன்?" என்று சுப்புலட்சுமி ஃபேனைப் பார்த்தாள்.

மவுஸை மேஜையில் ஓங்கித் தட்டினார். இப்போது நாலு தடவை அழுத்தியது.

செட்டிங்ஸில் போய் இடது பொத்தானின் வேலையை வலது பொத்தானுக்கு மாற்றினார். அருமையான யோசனை. ஆனால் இருபது வருஷப் பழக்கம், விரல் கேட்குமா? டிக் நின்ற குஷியில் இடதை அழுத்திவிட்டார். ஏதோ பட்டியல் விரிந்தது. பதறிப் போய் எதையோ அழுத்த, நிரப்பியதெல்லாம் காலி.

"எல்லாம் போச்சாங்க?"

"வாய மூடிட்டு ஸ்க்ரூடிரைவர எடுட்டி! பிரிச்சிருவோம்."

"அது வேணு அண்ணன் வீட்லல்லா இருக்கு."

காய் நறுக்கும் கத்தியால் நெம்பினார். மூடி திறந்தது. உள்ளே அடை அடையாகக் கரித்தூசி. ஆத்திரத்தில் ஊதினார். தூசியோடு ஒரு துளியூண்டு தகடும் பறந்து கட்டிலுக்கடியில் போயிற்று.

"டார்ச்ச எடு!"

"அதுவும் அங்கதான்."

மணி நாலு நாற்பத்தைந்து. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். வேணு ஷிப்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி எழில்மதி சிரித்த முகமாகத் தங்கள் வீட்டு மவுஸை எடுத்துக் கொடுத்தாள்.

"எடுத்துக்கினு போங்கண்ணே. நீங்க எவ்ளோ குடுக்கிறீங்க, நாங்க இதுகூட தரமாட்டமா?"

ஓடி வந்து மாட்டும்போது மவுஸைத் திருப்பிப் பார்த்தார். அடியில் சிவப்புப் பொட்டு.

"ஏட்டி, இது நம்ம மவுஸு!"

"போன மாசம் வாங்கிட்டுப் போனாங்க. திருப்பித் தரும்போது மாறிட்டு போல."

அப்படியானால் இவ்வளவு நேரம் உயிரை விட்டு ரிப்பேர் பார்த்தது வேணுவின் மவுஸை! கத்த நேரமில்லை. பொத்தான்களைப் பழையபடி மாற்றி, எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினார். டிக் போட்டார். நின்றது! நாலு ஐம்பத்தெட்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

"அப்பாடா, விட்டுது தொல்லை!" என்று நாற்காலியில் சாய்ந்தார்.

வாசலில் காலி டம்ளரோடு எழில்மதி நின்றிருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் சக்கரை குடுங்க. என்னண்ணே, பதினெட்டாவது பிளாக்குக்குப் போட்டாச்சா?"

இசக்கிமுத்து மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். சுப்புலட்சுமி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுரு காலைலயே இதே மவுஸ்ல, உங்களுக்குப் பக்கத்து வூட்டுக்குப் போட்டுட்டாருண்ணே. நீங்க இல்லாத எடத்துல எங்களுக்கு யாரு குடுப்பாங்க?"