என் பொத்தானும் புகழேந்தி வயலும்

அன்புள்ள மருமகன் தமிழ்க்குமரனுக்கு,

குருவிநத்தத்திலிருந்து தாய்மாமன் சிவப்பிரகாசம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சின்னபொண்ணுவும் மாடுகளும் சௌக்கியம். சென்னையில் உன் சௌக்கியத்துக்கும் உன் கம்ப்யூட்டரின் சௌக்கியத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். என் நாற்றங்கால் மட்டும் சௌக்கியமில்லை. போனில் சொல்லலாமென்றால் நான் "ஹலோ" என்பதற்குள் "மீட்டிங் மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கூட்டு போர்வெல்லுக்கு நீ செய்துகொடுத்த ஆப் போன மாதம் வரை தங்கமாக வேலை செய்தது. கலைவேந்தன், புகழேந்தி, நான் என்று மூன்று பங்கு. மூன்று பேர் போனிலும் ஆளுக்கொரு பொத்தான். வீட்டிலிருந்தே அமுக்கினால் மோட்டார் ஓடி, அவரவர் வயலுக்கு வால்வு திறக்கும். அந்தப் பெருமையில் பழைய கை வால்வுகளைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டேன். அப்புறம் ரோஸ்லின் புதிதாகப் பங்கு சேர்ந்தார். "ஒரே ஒரு வரிதான் மாமா, இங்கேருந்தே சேத்துடறேன்" என்றாய், சேர்த்தாய். மறுநாள் என் பொத்தானை அமுக்கினேன், தண்ணீர் புகழேந்தி வயலில் பாய்ந்தது.

புகழேந்தி யாரென்று உனக்குத் தெரியும். அவன் ஆடு என் கரும்பைத் தின்றதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. கல்யாணப் பந்தியில்கூட அவன் எழுந்த பிறகுதான் நான் உட்காருவேன். அவனுக்கு நான் என் கையாலேயே தண்ணீர் பாய்ச்சுகிறேன்! விரலில்தான் கோளாறோ என்று வேறு விரலால் அமுக்கினேன். "உன் கைக்கு ராசி இல்லய்யா" என்று உன் அத்தை வந்து அமுக்கினாள், அப்போதும் அவன் வயலுக்கே போனது. இன்றைக்காவது திருந்துமா என்று தினமும் அமுக்கிப் பார்க்கிறேன், தினமும் அவனுக்கே போகிறது. புகழேந்தி அமுக்கினால் ரோஸ்லினின் கத்தரித் தோட்டத்துக்குப் போகிறது. ரோஸ்லின் தன் புதுப் போனில் அமுக்கினாலும் ரோஸ்லினுக்கே போகிறது. "இன்னா அண்ணே, நான் கத்திரிக்கா போட்டேன், தாமர பூக்கும்போல கீதே" என்று அவர் அழுகிறார்.

மீட்டிங் இல்லாத ஒருநாள் நீயே விளக்கினாய். ஆப் யார் பெயரையும் சொல்லிக் கேட்காதாம், எண்ணைத்தான் சொல்லுமாம். அந்த எண் யாருடையது என்று பார்த்துத் திறப்பது லைப்ரரி என்று நீ சொல்லும், எல்லோருக்கும் பொதுவான பட்டியலாம். ரோஸ்லின் நிலம் கலைவேந்தனுக்கும் புகழேந்திக்கும் நடுவில் இருக்கிறதே என்று அவரை நீ இரண்டாவதாக நுழைத்துவிட்டாய். அதனால் புகழேந்தி மூன்று, நான் நான்கு. புகழேந்தியின் பழைய ஆப்பைப் போலவே என் பழைய ஆப்புக்கும் இந்தச் சங்கதி தெரியாது. அது பாவம் இன்னும் மூன்று, மூன்று என்றே கேட்டுக்கொண்டிருக்கிறது. நான்கு என்று கேட்க ஊரில் நாதியில்லை. "ஆப்ப அப்டேட் பண்ணு மாமா" என்கிறாய். போனில் இடமில்லை என்றது, சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கப் படங்களை எல்லாம் அழித்தேன். இடம் வந்ததும், போனே பழசு, புது ஆப் ஏறாது என்றது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

ஏன்டா, கூட்டு மோட்டாரில் புதிதாகச் சேருகிறவருக்குக் கடைசி முறைதானே வழக்கம்? ரோஸ்லினே அதற்குத்தானே ஒப்புக்கொண்டு வந்தார்? நிலம் நடுவில் இருந்தால் முறையும் நடுவிலா? அவரைக் கடைசியில் போட்டிருந்தால் எங்கள் எண் எதுவும் நகர்ந்திருக்காது, பழைய போன் வைத்திருப்பவனும் பிழைத்திருப்பான். நாற்று மஞ்சளடித்துவிட்டது. இந்த வாரம் தண்ணீர் காணாவிட்டால் இந்தப் போகம் எனக்கு நடவே கிடையாது. நினைத்தால் அழுகை வருகிறது. இந்தக் கடிதம் கண்டவுடன் ரோஸ்லினைக் கடைசிக்கு அனுப்பி, என் மூன்றை என்னிடமே கொடுத்துவிடு. அவர் போன் புதுசு, எந்த மாற்றத்தையும் தாங்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. எல்லா வளமும் பெற்று, எங்களையும் கொஞ்சம் விளைய விட்டு, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
கோபம் தணியாத தாய்மாமன்
சிவப்பிரகாசம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் புகழேந்தி வந்து நின்றான், கையில் மண்வெட்டி. உன் அத்தை கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். "இன்னா சிவா, என் பொத்தான் கெட்டுப்பூட்ச்சின்னு தெரிஞ்சிக்கினு தெனம் உன் தண்ணிய எனக்கு உட்றியே, உன் நாத்து காயுதேடா! வரப்ப வெட்டி உன் பக்கம் திருப்பி உட்டுட்டேன், போய்ப் பாரு" என்றான். சொல்லும்போதே அவன் கண் கலங்கிவிட்டது. எல்லாம் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்திருக்கிறான்! நானும் மறுக்கவில்லை. உட்கார்ந்து காபி குடித்தான், விடாமல் பேசினான். நாற்றங்காலில் தண்ணீர் நிற்கிறது. ரோஸ்லின் தோட்டத்துக்கு வடிகால் வெட்ட இப்போது இருவரும் சேர்ந்தே கிளம்புகிறோம். ஆகவே மேலே எழுதிய எதையும் செய்யாதே. அந்த லைப்ரரியில் கை வைத்தாயோ, நான் அமுக்கினால் என் வயலுக்கே தண்ணீர் வந்துவிடும். அப்புறம் புகழேந்தி முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?