பங்களாக் கொலையும் டோர்ட்மண்ட் பஸ்ஸும்

பஸ் எப்போது வரும் என்று தவராசாவிடம் முதலில் கேட்டது அவருடைய மனைவி பிரபாலினி. அதற்குப் பிறகு மண்டபத்தில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

ஜெர்மனியில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு டோர்ட்மண்டிலிருந்து பஸ் ஒழுங்குபண்ணி ஆட்களைக் கூட்டி வந்தவர் தவராசா. தொழில் லிப்ட் திருத்துவது. ஊரைத் திரட்டிக்கொண்டு பயணம் போவது அவருக்கு இதுதான் முதல் தடவை. சாமி கும்பிட்டாயிற்று. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் சாப்பிட்டும் ஆயிற்று. கை கழுவிக்கொண்டிருக்கும்போது வானம் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் காற்று கூரையைப் பிடித்து உலுப்பத் தொடங்கியது.

பஸ் கம்பனிக்குப் போன் எடுத்தார். வழியில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, காலையில் வந்த ஜெர்மன்கார ட்ரைவருக்கு வேலைநேரம் முடிந்துவிட்டது, வேறொரு ஆளை அனுப்புகிறோம், எப்போது வந்து சேருவார் என்று சொல்ல முடியாது என்றார்கள். தவராசா அதை ஒரு சொல் விடாமல் சபைக்கு அறிவித்தார். அறிவித்திருக்கக் கூடாது. பிள்ளைகள் அழத் தொடங்கின. மனதைத் தேற்றலாம் என்று புஷ்பராணி அக்கா தேவாரம் பாடினார். அவர் பாடிய விதத்தில் எல்லோருக்கும் செத்தவீட்டு ஞாபகம்தான் வந்தது.

ஆனந்தராசா அண்ணை குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார். அகதி விசாரணைகளில் பல வருடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். ஒருவர் சொல்வதை அவ்வளவு லேசில் நம்பமாட்டார்.

"நான் கால்வாய்க் கரையால நடந்து ஸ்டேஷனுக்குப் போறன். வாற ஆக்கள் வரலாம்."

நாலைந்து குடும்பங்கள் ஜாக்கெட்டைத் தேடின. கால்வாய்க் கரை நெடுக உயர்ந்த மரங்கள் நின்றன. எந்த மரம் யார் தலையில் விழுமோ என்று தவராசா கதவை மறித்து நின்றார். பிரபாலினி அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்கட பைக்குள்ள எப்பவும் புத்தகம் கிடக்குமெல்லே. எடுத்துக் குடுங்கோ. வாசிக்கிற ஆள் எழும்பி நடக்காது."

பைக்குள் மூன்று புத்தகங்கள் இருந்தன. மூன்றும் நல்லவை. மோசமான புத்தகத்துக்குப் பையில் இடம் கொடுக்கிற ஆள் இல்லை அவர். ஒரு பயணநூலையும் ஒரு சிறுகதைத் தொகுப்பையும் நீட்டினார். ஒருவரும் கைநீட்டவில்லை. மூன்றாவது ஒரு துப்பறியும் நாவல். அட்டையில் மலை உச்சிப் பங்களாவும் ஒரு பெரிய நிலாவும். அதற்கு இரண்டு பக்கமிருந்தும் கை வந்தது. புத்தகம் கிழியப் பார்த்தது. வேறு வழியில்லாமல், தானே உரத்து வாசிக்கிறேன் என்று சொல்லி அதைத் திரும்பப் பறித்துக்கொண்டார்.

நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்று. உள்ளே பூட்டிய அறைக்குள் பணக்கார முதலாளி செத்துக் கிடக்கிறார். வீட்டில் இருந்தவர்கள் மருமகனும் டொக்டரும் சமையற்காரனும். முதல் அத்தியாயம் முடிவதற்குள் ஆனந்தராசா குடையை மடித்தார். இரண்டாவதில் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டார். பிள்ளைகள் அழுகையை மறந்து சாய்ந்து கிடந்தன. காற்றின் இரைச்சலில் வாசிப்புக் கேட்கவில்லை என்று யாரோ எழும்பிப்போய் ஜன்னல் ஷட்டர்களையெல்லாம் கீழே இறக்கினார்கள். தவராசாவுக்கு வாழ்க்கையில் இத்தனை பேர் இவ்வளவு நேரம் காது கொடுத்ததில்லை. குரலில் ஒரு தெளிவு வந்தது. டொக்டருக்கு ஒரு குரல், மருமகனுக்கு ஒரு குரல் என்று பிரித்து வாசித்தார்.

"கொலைகாரன் இந்த அறைக்குள்ளேதான் நிற்கிறான்" என்று துப்பறிபவர் விரலை நீட்டினார். தவராசா பக்கத்தைப் புரட்டினார். பின்னட்டை வந்தது.

கடைசிப் பக்கங்கள் கழன்று போயிருந்தன. அவர் அதைப் பழைய புத்தகமாக வாங்கியிருந்தார். அவரும் முன்பு வாசித்ததில்லை. நிமிர்ந்து பார்த்தார். அத்தனை முகங்களும் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது உண்மையைச் சொன்னால் கோபத்திலேயே கால்வாய்ப் பக்கம் நடந்துவிடுவார்கள். புத்தகத்தைத் தன் பக்கம் நன்றாகச் சரித்துக்கொண்டு, எழுத்து இருப்பதுபோலவே தொடர்ந்தார்.

சமையற்காரனைப் பொலிசில் பிடித்துக் கொடுத்துக் கதையை முடித்தார். முடியவில்லை.

"சமையற்காரன் அந்த நேரம் சந்தையில நிண்டவன் எண்டு முதல் சொன்னனீங்கள். இப்ப குசினியில எண்டுறீங்கள். ரண்டும் ஒத்துவரேல்லை" என்றார் ஆனந்தராசா.

அடுப்படியில் நின்றது சமையற்காரனின் இரட்டைத் தம்பி என்றார் தவராசா. இவ்வளவு நாளும் அந்தத் தம்பி எங்கே இருந்தான் என்று ஒரு பிள்ளை கேட்டது. யாழ்ப்பாணத்தில் இருந்து ரயிலில் வந்தவன் என்றார். ரயிலில் அவனை யார் கண்டது என்று ஆனந்தராசா கேட்க, டொக்டர் கண்டார் என்று சொல்லவேண்டி வந்தது. டொக்டருக்கு ரயிலில் என்ன வேலை? ஒரு காதல். மனைவி இருக்க டொக்டருக்கு இதெல்லாம் தேவையா என்று புஷ்பராணி அக்கா கொதித்தார். அவரைச் சமாதானப்படுத்தத் தவராசா டொக்டரின் மனைவியைச் சாகடித்தார். முன்வரிசையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். மனம் கேளாமல் அவளை ஆஸ்பத்திரியில் கண் விழிக்க வைத்தார். கண் விழித்தவள் சும்மா இருப்பாளா, அவளுக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

புரட்டப் பக்கம் இல்லாமல் அவர் புத்தகத்தின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்பவும் புரட்டிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி கொண்டுவந்த பிரபாலினி அதைக் கண்டாள். அடுத்த தேத்தண்ணியில் சீனி கூடுதலாக இருந்தது.

நடுவில் கதவைத் திறந்துகொண்டு நனைந்த ஜாக்கெட்டோடு ஒருவர் வந்தார். நரைத்த தாடிக்காரர். ஏதோ சொல்ல வாய் திறந்தவரைக் கதவடியில் இருந்தவர்கள் உதட்டில் விரல் வைத்து அடக்கி, தள்ளி இருந்து இடம் கொடுத்தார்கள். யாரோ வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்கள். புயலில் அகப்பட்ட இன்னொரு அப்பாவி என்று நினைத்துத் தவராசா கதையை விடாமல் கொண்டுபோனார்.

கடைசியில் குரல் கட்டிவிட்டது. கதைக்குள் இப்போது எல்லோர் மேலும் சந்தேகம் இருந்தது, துப்பறிபவர் மேலும்கூட. தவராசா புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"இதில கடைசிப் பக்கங்கள் இல்லை" என்றார். "சமையற்காரனைப் பிடிச்சுக் குடுத்ததில இருந்து எல்லாம் நான் கட்டின கதை. பஸ் வருமட்டும் உங்களை உள்ளுக்கு வச்சிருக்க எனக்கு வேற வழி தெரியேல்லை."

ஆனந்தராசாவின் முகத்தைப் பார்க்கத் தவராசாவுக்குத் துணிவு வரவில்லை. அப்போதுதான், கூரையில் காற்றின் சத்தமே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

பின்னால் இருந்த நரைத்த தாடிக்காரர் வடையை விழுங்கிவிட்டு எழும்பினார்.

"பஸ் வந்து கனநேரம், அண்ணை, நான்தான் ட்ரைவர்; ஆனா ஆர் கொலை செய்ததெண்டு நீங்கள் கட்டி முடிக்காமல் என்னால பஸ்ஸை எடுக்க ஏலாது."